டைனமோ பாட்டைப் பாடியது யார்?

மெல்லிசைக் குழுவில் பாடுகிறவளுக்குச் சேலை சொந்தம், செருப்பு சொந்தம், தொண்டைவலிகூடச் சொந்தம். குரல் மட்டும் இரவல்.

கல்யாண வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று வில்லியனூரைச் சுற்றி எங்கே மேடை போட்டாலும் எங்கள் குழு போகும். என் பெயர் கலாவதி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு பெரிய சினிமாப் பாடகியின் குரலை அச்சு அசலாகக் கொண்டுவருகிறவள் என்று மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். குழுவுக்கு ஆள் எடுக்கும்போது பெயர், ஊர் எல்லாம் அப்புறம்; யாருடைய குரல் வரும் என்பதுதான் முதல் கேள்வி. நீங்களும் ஏதோ ஒரு வேலையில் இன்னொருவர் மாதிரியே இருந்து பிழைக்கிறவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அந்த எரிச்சலில் நானே சொந்தமாக ஒரு பாட்டை வெளியிட்டேன். அதனால் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

பேனரில் நான்

எங்கள் குழுவின் தலைவர் ஆறுமுகம் அண்ணன். டிரம்ஸ் வாசிப்பவர். நிகழ்ச்சிக்கு வைக்கிற ஃபிளெக்ஸ் பேனரில் அவர் படம் பெரிதாக இருக்கும். பக்கத்தில் அந்தப் பெரிய பாடகியின் படம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'குரலில்' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் நான்.

ஒரு நாள் வேனில் போகும்போது கேட்டே விட்டேன். "ஏன்ணா, எனக்கு ஒரு பேர் இருக்குதே, அத போட்டா இன்னா?" அவர் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "போடறன்மா. நான் இன்னா வேணான்னா சொன்னன்? ஒனக்குன்னு ஒரு பாட்டு இருக்குதா? இது கலாவதி பாட்டுன்னு ஜனங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லட்டும். மறுநாளே பேனர மாத்திடறன்."

தார்ப்பாய் ஸ்டூடியோ

சலீம் எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். பகலில் திருக்கனூரில் அவன் அத்தாவின் கயிறு, தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்திருப்பான். எனக்குத் தம்பி மாதிரி. தம்பி மாதிரியே பேச்சுக் கேட்க மாட்டான். பாட்டு போடலாம் என்று நான் வாயெடுத்ததுமே, "பழைய டிஸ்கோ மாதிரி பண்ணலாம்க்கா" என்றான். கேசட் காலத்து டிரம், கேசட் காலத்து சிந்தசைசர், ஆனால் இன்றைக்கு ஆடுகிற வேகம். நான் வரிகளை எழுதினேன். டைனமோ வைத்த சைக்கிளில் போகிறவனைப் பார்த்து ஒரு பெண் பாடுகிறாள். மிதித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த விளக்கு எரியும், நின்றால் இருட்டு. 'நிக்காத ராசா நிக்காத, நின்னாக்கா லைட்டு எரியாது' என்று பல்லவி. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத நான் வேறு எதைத்தான் எழுதுவேன்? இது நம்மூர்ப் பாட்டு என்று தெரியட்டுமே என்று சரணத்தில் பாகூர் ஏரிக்கரையையும் சேர்த்துவிட்டேன்.

கடைக்குப் பின்னாலிருந்த குடோனில் பதிவு. நாலு பக்கமும் தார்ப்பாய் அடுக்கி வைத்திருந்ததால் எதிரொலியே இல்லை. மைக்கில் சத்தம் ஏறும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டான். உள்ளே இட்லி வேகும். வியர்வை கண்ணில் இறங்க இறங்கப் பாடினேன். பாடி முடித்ததும் சலீம் பாட்டுக்கு முன்னாலே கொஞ்சம் கேசட் இரைச்சலைச் சேர்த்தான். குரல்மேலும் ஏதோ பூசினான். பழைய நாடாவில் இழுத்து இழுத்து ஓடுகிற மாதிரி ஒரு நெளிவு வந்தது. கேட்டபோது எனக்கே புல்லரித்தது. அந்த நெளிவுதான் பின்னால் என் கழுத்தைச் சுற்றப்போகிறது என்று அப்போது தெரியவில்லை. ஒருமுறை சரணத்தில் பிரமாதமாக ஏறிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்த துண்டோடு ஒரு விவசாயி உள்ளே வந்துவிட்டார். சலீம் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தான். அவர் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை, நேராக என்னிடம் சொன்னார்: "பாட்டெல்லாம் அப்புறம் பாடுமா, மழ எறங்கிடுச்சு, நெல்லு ரோட்டுல கெடக்குது, நீ குந்தினு இருக்கற தார்ப்பாய மொதல்ல எடு."

வெள்ளிக்கிழமை காலை

பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இணையத்தில் ஏற்றினான் சலீம். நான் காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்தது. போனை எடுத்துப் பார்ப்பேன், கீழே வைப்பேன், வைத்த கை சூடு ஆறுவதற்குள் மறுபடி எடுப்பேன். என் வீட்டுக்காரர் பார்த்துச் சலித்து, போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் முழங்கை வரைக்கும் அரிசிக்குள் இருந்தேன்.

தெரிந்தவர், தெரியாதவர், சீட்டுக் குழு, பள்ளிக்கூடத்துத் தாய்மார் குழு என்று எல்லா வாட்ஸப்பிலும் அனுப்பினேன். பதிலுக்கு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. ஒருத்தர் கட்டை விரலைத் தூக்கினார். கேட்டுத் தூக்கினாரா, கேட்காமலே தூக்கினாரா என்று அரை நாள் யோசித்தேன். கடைசியில் கிருமாம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் போன் பண்ணினாள். மனம் குளிர்ந்துவிட்டது. பாட்டை முழுசாகக் கேட்டாளாம், வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாளாம். "சூப்பரா இருக்குது அண்ணி. எங்க மாமியாருக்கு அந்தக் காலத்துலேருந்தே இந்தப் பாட்டுன்னா உசுராம். எந்தப் படம் இது?"

ஸ்பீக்கர் வைத்தியம்

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டு ஓடுமா ஓடாதா என்பதை ரேடியோ செட்காரர்கள்தான் தீர்மானிப்பார்கள். காது குத்தானாலும் கூழ் ஊற்றுவதானாலும் ஊருக்கு முதலில் வருவது அவர்கள் ஸ்பீக்கர்தான். பாகூர்ப் பக்கம் செட் கட்டுகிற தட்சணாவைப் பிடித்துப் பென் டிரைவில் பாட்டைக் கொடுத்தேன். ஒரு கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று போடுவதாகச் சொன்னார். நான் காலையிலேயே பஸ் பிடித்துப் போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

பாட்டு தொடங்கியது. கர்ர்ர் என்று சலீம் சேர்த்த கேசட் இரைச்சல். தட்சணா பாய்ந்து வந்து நிறுத்தினார். ஒயரைக் கழற்றி மாட்டினார். மறுபடி கர்ர்ர். ஆம்ப்ளிஃபையரைத் தட்டினார். மறுபடி கர்ர்ர். மரத்தில் ஏறி ஸ்பீக்கரையே இறக்கிக்கொண்டு வந்தார். "அண்ணா, அது பாட்டுலயே இருக்கறதுண்ணா, வேணும்னே வெச்சது" என்று பின்னாலேயே ஓடினேன். "வேணும்னு யார்மா இரைச்சல வெப்பாங்க?" என்று ஸ்குரூவைக் கழற்றினார். அதற்குள் கூழே ஊற்றி முடித்துவிட்டார்கள். என் பாட்டின் ஒரு வரியைக்கூட ஊர் கேட்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் தட்சணா நல்ல மனுஷர். விடவில்லை. யாரிடமோ கொடுத்து முன்னால் இருந்த இரைச்சலை வெட்டியெடுத்து, அந்தப் பக்கத்து செட்காரர்கள் எல்லோருக்கும் தானே அனுப்பிவைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார்: "ஒங்க பாட்ட ரிப்பேர் பண்ணிட்டன்மா, இன்மே தைரியமா எங்க வேணா போடலாம்."

ஜன்னலோரச் சாட்சி

தட்சணாவின் வைத்தியம் பலித்தது. பாட்டு பரவிவிட்டது. கடலூர் ரோட்டில் போகிற பஸ் ஒன்றில் கிருமாம்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் பழைய பாட்டுகளாகப் போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் டக்கென்று என் குரல்! முன்சீட்டில் ஒரு பெண் காலால் தாளம் போட்டாள். படிக்கட்டில் நின்ற பையன்கள் தோளைக் குலுக்கினார்கள். எழுந்து நின்று கத்தலாமா என்று உடம்பு பரபரத்தது.

பக்கத்து ஜன்னலோரத்தில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். "பாட்டு புடிச்சிருக்குதாங்க?" என்று கேட்டேன். "புடிக்கறதாவது! இந்தப் படத்த பாகூர் கொட்டாய்ல நாலு தபா பாத்தவன் நான்" என்றார். என்ன படம் என்றேன். பெயர் நாக்கில் இருக்கிறது, வரவில்லை என்றார். மற்றதெல்லாம் வந்தது. கதாநாயகி மஞ்சள் கவுன் போட்டிருந்தாளாம், பாட்டு முடிந்ததும் சண்டைக் காட்சியாம். "அந்த ஏரிக்கர வருது பார், நம்ம பாகூர் ஏரிதான். ஷூட்டிங் பாக்கப் போன கூட்டத்துல எங்க மாமாவும் நின்னாரு." ஊருக்கு அடையாளமாக நான் வைத்த ஏரியைக் கொண்டே என்னை மூழ்கடித்துவிட்டார். பொறுக்க முடியாமல், "பெரியவரே, இத பாடனது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. "அப்படியெல்லாம் சொல்லாதம்மா, அந்தம்மா தவறிப்போயே ரொம்ப வருசம் ஆவுது, நல்ல ஆத்மா."

மண்டபத்தில் ஒரு தமாஷ்

வில்லியனூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. மாலை நிகழ்ச்சியில் டைனமோ பாட்டைப் பாடுவேன் என்று அடம்பிடித்துப் பாடினேன். பல்லவி முடிவதற்குள் நாற்காலிகள் ஓரம் போயின. கல்லூரிப் பெண்கள் கைகோத்து ஆடினார்கள். பந்தியிலிருந்து சாம்பார் வாளியோடு ஒருத்தர் வந்து, வாளியைக் கீழே வைக்காமலே ஆடினார். இத்தனை வருஷத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. சந்தோஷத்தில் மைக்கிலேயே சொன்னேன்: "இது எந்தப் படத்துலயும் வர்ற பாட்டில்ல. நான் எழுதினது, நான் பாடினது. என் பேரு கலாவதி."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டினார்கள். விழாப் பெண்ணின் தாய்மாமன் மேடையேறி, "பாப்பா நல்லா தமாஷ் பண்ணுது" என்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். சால்வைக்குள் நான் எரிந்துகொண்டிருந்தேன். ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் மட்டுமாவது உண்மை தெரிந்தவர் ஆயிற்றே. குச்சியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "செம வரவேற்பு கலா. இன்மே பழைய பாட்டு ரவுண்டுல இதத்தான் மொதல்ல போடறோம்."

சலீம் பாஸ்

மறுநாள் திருக்கனூர்க் கடைக்கே போய்ச் சலீமைப் பிடித்துக்கொண்டேன். அவன் கயிறு அளந்துகொண்டிருந்தான். உன் நெளிவுதான் என்னைக் காணாமல் அடித்துவிட்டது, இப்போதுள்ள பாட்டு மாதிரி போட்டிருந்தால் என் குரல் என் குரலாகத் தெரிந்திருக்கும் என்று கடையில் ஆள் இருப்பதையும் பாராமல் கத்தினேன். கயிறு வாங்க வந்தவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

சலீம் கத்தவில்லை. முகம் மட்டும் சிவந்தது. அவனுக்கும் அது முதல் பாட்டுதான். ஊரெல்லாம் ஆடுகிறது, அதை அனுபவிக்க விடாமல் நான் வந்து கூச்சல் போடுகிறேன். எனக்கு அது தெரியாமலில்லை, நிறுத்தத்தான் முடியவில்லை. கயிற்றை வெட்டி, முடிச்சுப் போட்டு, வந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினான். "பழசு மாதிரி பண்ணணும்னு நெனச்சன், பழசுன்னே நம்பிட்டாங்க. நான் பாஸ்க்கா. நீ ஃபெயிலானா அதுக்கு நான் இன்னா பண்றது?"

பாகூரில் ஒரு வரவேற்பு

அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தப் பாட்டை நான் பாடவே இல்லை. அண்ணன் கேட்டால் தொண்டை சரியில்லை என்பேன். மறுபடியும் அந்தப் பெரிய பாடகியாகவே பாடினேன். பேனரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இனி இந்த ஆசையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாக வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். சொன்ன நாளிலும் போனை எடுத்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இல்லை.

பாகூரில் என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. விருந்தாளியாகப் போனேன். மேடையில் வேறொரு குழு. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக, உங்கள் அனைவரையும் ஆட வைத்த பழைய சூப்பர் ஹிட்" என்றதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இலையை விட்டு எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். பாயசம் ஊற்றிவிட்டார்கள். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், இருபது வயதிருக்கும், பாட ஆரம்பித்தாள். சலீமின் நெளிவைக்கூடத் தொண்டையிலேயே வளைத்துக் கொண்டுவந்தாள். எரிச்சலை மீறி ரசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சரணத்தில் 'தெருவெல்லாம் வெளிச்சம்' என்று ஒரு வரி. அந்தப் பெண் 'வெளி' என்று பாடி, வெடுக்கென்று ஒரு மூச்சு எடுத்து, 'ச்சம்' என்று முடித்தாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. அது பாட்டில்லை, என் தப்பு. குடோன் புழுக்கத்தில் மூச்சு முட்டி நான் வார்த்தையை உடைத்த இடம். இன்னொரு தடவை பாடுகிறேன் என்று கெஞ்சியும் சலீம் விடாமல் அப்படியே வைத்துவிட்டான். மூன்றாவது சரணத்துக்குப் பிறகு மறுபடி அந்த வரி வந்தது. மறுபடி அதே இடத்தில், அதே வெடுக்.

கை கழுவினேனா இல்லையா என்று ஞாபகமில்லை, மேடைக்குப் பின்னால் போய்விட்டேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா பாடனடி பொண்ணே. வெளிச்சம்ன்ற வார்த்தைக்கு நடுவுல ஏன் மூச்சு எடுக்கற? ஒனக்குத்தான் மூச்சு நல்லா நிக்குதே?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்க எடுத்தாத்தான்க்கா அந்தம்மா மாதிரி வரும். நான் பாடறதே அந்தம்மா வாய்ஸ்தான். குழுவுல என்ன அதுக்குத்தான் எடுத்துகினாங்க. மத்த எல்லா வாய்ஸுக்கும் ஆள் இருக்குதாம்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. என் தப்பு மூச்சை ஒருத்தி உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்டு, பழகி எடுத்திருக்கிறாள். பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ்ஸும் மண்டபமும் நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன். அவளே கேட்டாள்: "நீங்களும் மேடைல பாடறவங்களாக்கா? யாரு வாய்ஸ் பண்ணுவீங்க?" நானும் அந்த டைனமோ அம்மா குரலில்தான் பாடுவேன் என்றேன். எங்கே, ஒரு வரி பாடுங்கள் என்றாள். அந்த வெளிச்சம் வரியையே பாடினேன். நல்ல மனசோடு பாடினேன். முழு மூச்சு எடுத்து, வார்த்தையை உடைக்காமல் பாடினேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, என் மனம் நோகக் கூடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பக்கத்துல வருதுக்கா, ஆனா அவங்க வேற, கவலப்படாதீங்க, எனக்கே அது புடிபட ரொம்ப நாளாச்சு."

எங்கள் தொழிலில் ஒருத்திக்குச் சொந்தக் குரல் வந்துவிட்டது என்பதற்கு ஒரே அத்தாட்சி, அதை இன்னொருத்தி அவளைவிட நன்றாகத் திருடிவிடுவதுதான்.